கரைப்பான்களில் எதற்கு முனைவு அதிகம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது: "இதற்கு முனைவு அதிகமா, அதற்கா?" ஒரு கோடியில் ஹெக்சேன், மறுகோடியில் தண்ணீர் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. நடுவில் இருக்கும் அசிட்டோன், எத்தனால், குளோரோஃபார்ம் கூட்டம்தான் ஒவ்வொரு பட்டியலிலும் ஒவ்வோர் இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஆளைக் குழப்புகிறது. பட்டியல்கள் தவறானவை அல்ல. அவை அளப்பது வேறு வேறு பண்புகளை.

முனைவு என்பது சரியாக என்ன?

பிணைப்பில் உள்ள இரண்டு அணுக்களில் ஒன்று எலக்ட்ரான்களைத் தன் பக்கம் கூடுதலாக இழுத்தால், அந்தப் பக்கம் சிறிது எதிர்மின்சுமையும் மறுபக்கம் சிறிது நேர்மின்சுமையும் சேரும். ஆக்சிஜன், நைட்ரஜன், குளோரின், ஃபுளூரின் எல்லாம் இழுக்கிற கட்சி. மூலக்கூறு முழுவதற்கும் கூட்டிக் கழித்தபின் மிஞ்சுவது இருமுனைத் திருப்புத்திறன். அதன் அலகு டிபை. தண்ணீருக்கு 1.85 டிபை, ஹெக்சேனுக்கு ஏறக்குறைய சுழியம்.

பள்ளிப் பாடம் இதோடு நின்றுவிடும். ஆனால் ஒற்றை மூலக்கூறு எதையும் கரைப்பதில்லை. எண்ணற்ற மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, கரைபொருளைச் சூழ்ந்து நின்றுதான் கரைக்கின்றன. அதனால்தான் 1994இல் வெளியான ஐயுபிஏசி (வேதியியலாளர்களின் உலக அமைப்பு) சொல்விளக்கம், கரைப்பானின் முனைவு என்பது அதன் ஒட்டுமொத்தக் கரைப்பானேற்றத் திறன் என்கிறது. வேதிமாற்றத்தில் போய் முடியாத எல்லா ஈர்ப்புகளும் அதில் அடக்கம். இத்தனையையும் ஒரு சொல்லுக்குள் போட்டு அடைத்துவிட்டு, பிறகு ஒரே எண்ணால் அளக்கப் பார்க்கிறோம்.

கார்பன்–குளோரின் பிணைப்பு முனைவுள்ளது. அப்படியானால் கார்பன் டெட்ராகுளோரைடு ஏன் முனைவற்றது?

நான்கு குளோரின்களும் நான்முகியின் நான்கு மூலைகளில் நின்று சமமாக இழுக்கின்றன. நிகர இழுப்பு சுழியம். ஒரு குளோரினை எடுத்துவிட்டு ஹைட்ரஜனை வைத்தால் குளோரோஃபார்ம், 1.0 டிபை. இரண்டை மாற்றினால் டைகுளோரோமீத்தேன், 1.6 டிபை. குளோரின் குறையக் குறைய முனைவு கூடுவது முதலில் பார்ப்பவருக்கு வேடிக்கையாக இருக்கும்.

எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க முடியுமா?

முடியும். கீழே நான்கு அளவுகள் உள்ளன: இருமுனைத் திருப்புத்திறன் (டிபை), மின்காப்பு மாறிலி (25 டிகிரி செல்சியஸ் அளவில்), ரைக்கார்ட் சாய அளவான ஈடி(30), ஸ்னைடரின் முனைவு எண் (மூன்று சோதனைப் பொருள்களைக் கரைப்பான் எவ்வளவு பிடித்துக்கொள்கிறது என்பதிலிருந்து வந்தது). வரிசை ஈடி(30)ஐ வைத்து அடுக்கப்பட்டது. மற்ற மூன்று நெடுவரிசைகளும் எங்கெங்கே ஏறி இறங்குகின்றன என்று கவனியுங்கள்.

| கரைப்பான் | திருப்புத்திறன் | மின்காப்பு மாறிலி | ஈடி(30) | ஸ்னைடர் எண் |
|---|---|---|---|---|
| ஹெக்சேன் | 0 | 1.9 | 31.0 | 0.1 |
| டொலுயீன் | 0.4 | 2.4 | 33.9 | 2.4 |
| டைஎத்தில் ஈதர் | 1.2 | 4.3 | 34.5 | 2.8 |
| டெட்ராஹைட்ரோஃபியூரான் (டிஎச்எஃப்) | 1.7 | 7.6 | 37.4 | 4.0 |
| எத்தில் அசிட்டேட் | 1.8 | 6.0 | 38.1 | 4.4 |
| குளோரோஃபார்ம் | 1.0 | 4.8 | 39.1 | 4.1 |
| டைகுளோரோமீத்தேன் (டிசிஎம்) | 1.6 | 8.9 | 40.7 | 3.1 |
| அசிட்டோன் | 2.9 | 20.7 | 42.2 | 5.1 |
| டைமெத்தில்ஃபார்மமைடு (டிஎம்எஃப்) | 3.8 | 36.7 | 43.2 | 6.4 |
| டைமெத்தில் சல்ஃபாக்சைடு (டிஎம்எஸ்ஓ) | 4.0 | 46.7 | 45.1 | 7.2 |
| அசிட்டோநைட்ரைல் | 3.9 | 36 | 45.6 | 5.8 |
| எத்தனால் | 1.7 | 24.5 | 51.9 | 4.3 |
| மெத்தனால் | 1.7 | 32.7 | 55.4 | 5.1 |
| தண்ணீர் | 1.85 | 78.4 | 63.1 | 10.2 |

கடைசி நெடுவரிசையில் எத்தில் அசிட்டேட் எத்தனாலைவிட ஒரு மயிரிழை மேலே நிற்கிறது. அச்சுப்பிழை அல்ல. புத்தகத்துக்குப் புத்தகம் கடைசி இலக்கம் சற்று மாறும். அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

திருப்புத்திறனுக்கும் மின்காப்பு மாறிலிக்கும் என்ன வேறுபாடு?

முதலாவது தனி ஆளின் பலம். இரண்டாவது கூட்டத்தின் பலம்.

டிஎம்எஸ்ஓவின் திருப்புத்திறன் தண்ணீரைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் மின்காப்பு மாறிலியில் தண்ணீர் 78, டிஎம்எஸ்ஓ 47. காரணம் இரண்டு. தண்ணீர் மூலக்கூறு மிகச் சிறியது, ஒரு லிட்டரில் 55 மோலுக்கு மேல் அடைந்து கிடக்கிறது. டிஎம்எஸ்ஓவில் 14 மோல்தான். அத்துடன் தண்ணீரின் ஹைட்ரஜன் பிணைப்புகள் பக்கத்து மூலக்கூறுகளை ஏறத்தாழ ஒரே திசையில் திருப்பி வைக்கின்றன. வெளியிலிருந்து ஒரு மின்புலம் வந்தால் கூட்டமே சேர்ந்து திரும்புகிறது.

இதற்கு நேர்மாறான கதை அசிட்டிக் அமிலத்தில் நடக்கிறது. அங்கே மூலக்கூறுகள் இரண்டிரண்டாக எதிரெதிரே முகம் பார்த்து இணைவதால் ஒன்றின் முனைவை மற்றொன்று அழித்துவிடுகிறது. மின்காப்பு மாறிலி 6.2க்குச் சரிந்துவிடுகிறது; எத்தில் அசிட்டேட்டுக்குச் சமம் என்றே சொல்லலாம். கார்பாக்சிலிக் அமிலம் ஆயிற்றே, பெரிய எண்ணாக இருக்கும் என்று நினைத்தவர்களுக்கு ஏமாற்றம்தான்.

அயனிகளைப் பற்றிய கேள்வி என்றால் பார்க்க வேண்டியது மின்காப்பு மாறிலியை. எதிரெதிர் மின்சுமைகளுக்கு இடையிலான ஈர்ப்பு இந்த எண்ணால் வகுபட்டுக் குறைகிறது. ஒற்றை மின்சுமை கொண்ட ஒரு நேரயனியும் எதிரயனியும் தண்ணீரில் 0.7 நானோமீட்டர் விலகினாலே போதும், அவற்றின் ஈர்ப்பு வெப்ப அசைவின் ஆற்றலுக்குச் சமமாகிவிடும். ஹெக்சேனில் அதே நிலைக்கு வர 30 நானோமீட்டர் விலக வேண்டும். ஹெக்சேனில் உப்பு ஏன் கரையாது என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும்.

மின்காப்பு மாறிலியில் தண்ணீரை மிஞ்சிய திரவம் உண்டா?

உண்டு. ஃபார்மமைடு சுமார் 110. என்-மெத்தில்ஃபார்மமைடு 182. பின்னதில் மூலக்கூறுகள் தலையும் வாலுமாகச் சங்கிலி கோத்து நிற்பதால் முனைவுகள் ஒரே திசையில் கூடிக்கொண்டே போகின்றன. ஆனால் சாய அளவில் இவை தண்ணீரை நெருங்குவதே இல்லை. மெத்தனாலின் பக்கத்தில்தான் நிற்கின்றன. "தண்ணீர்தான் மிக முனைவுள்ள கரைப்பான்" என்று அடித்துச் சொல்பவரிடம் எந்த அளவில் என்று திருப்பிக் கேட்கலாம்.

ஈடி(30) என்பது என்ன? சாயத்தை வைத்து முனைவை எப்படி அளக்கிறார்கள்?

எனக்குப் பிடித்த அளவு இது, கண்ணாலேயே பார்க்கலாம் என்பதால். 1963இல் டிம்ரோத், ரைக்கார்ட் ஆகிய ஜெர்மன் வேதியியலாளர்களும் உடன் பணிபுரிந்தவர்களும் ஒரு பெட்டைன் சாய வரிசையைப் பற்றி எழுதினார்கள். அந்தக் கட்டுரையில் 30ஆம் எண்ணாக இருந்த சாயம்தான் அடைப்புக்குறிக்குள் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

அந்த மூலக்கூறின் ஒரு முனையில் நேர்மின்சுமை, மறுமுனையில் ஃபீனாக்சைடு ஆக்சிஜனில் எதிர்மின்சுமை. ஒளியை உறிஞ்சும்போது எலக்ட்ரான் இங்கிருந்து அங்கே நகர, முனைவு குறைந்துவிடுகிறது. முனைவு மிகுந்த கரைப்பான், ஒளி படுவதற்கு முன்பிருந்த நிலையை அணைத்துத் தாங்குவதால், அதை மாற்றக் கூடுதல் ஆற்றல் தேவைப்படுகிறது. அந்த ஆற்றலை மோலுக்கு இத்தனை கிலோகலோரி என்று சொன்னால் அதுவே ஈடி(30). மெத்தனாலில் சாயம் சிவப்பு, எத்தனாலில் ஊதா, அசிட்டோனில் பச்சை. தண்ணீரில் உறிஞ்சும் அலைநீளம் சுமார் 453 நானோமீட்டர். ஹெக்சேனின் எண்ணைக் கணக்குப் போட்டால் 920ஐத் தாண்டி அகச்சிவப்புக்குள் போய்விடும். உண்மையில் இந்தச் சாயம் ஹெக்சேனில் கரையவே கரையாது. கொழுப்பு நாட்டம் கூட்டிய அதன் உறவுச் சாயம் ஒன்றில் அளந்து, அதிலிருந்து எண்ணைப் பெறுகிறார்கள்.

இதில் ஓர் ஓரவஞ்சனையும் உண்டு. அந்த எதிர்மின்சுமை ஆக்சிஜன், ஹைட்ரஜன் பிணைப்பு தரக்கூடிய எதைக் கண்டாலும் ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ளும். ஆகவே ஆல்கஹால்களுக்கு இந்தத் தேர்வில் எப்போதும் கூடுதல் மதிப்பெண். அசிட்டிக் அமிலம் போன்ற அமிலங்களில் சாயம் புரோட்டானை ஏற்று நிறத்தையே இழந்துவிடும். அங்கே இந்த அளவு செல்லாது.

அசிட்டோனா, எத்தனாலா? எதற்கு முனைவு அதிகம்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். திருப்புத்திறனில் அசிட்டோன் வெல்கிறது, 2.9க்கு 1.7. மின்காப்பு மாறிலியில் எத்தனால் சற்று முன்னே. சாய அளவில் எத்தனால் வெகுதூரம் முன்னே. ஸ்னைடர் எண்ணில் மறுபடி அசிட்டோன்.

எத்தனாலிடம் ஓஎச் தொகுதி இருக்கிறது. அது ஹைட்ரஜன் பிணைப்பைக் கொடுக்கவும் வாங்கவும் செய்யும். அசிட்டோனால் வாங்க மட்டுமே முடியும். 1967இல் ஹேன்சன் கொண்டுவந்த கரைதிறன் அளவுகள் இதைப் பிரித்துக் காட்டுகின்றன. அவர் ஒரு எண்ணுக்குப் பதில் மூன்று எண் தந்தார்: எல்லா மூலக்கூறுகளுக்கும் பொதுவான சிதறல் விசை, முனைவு விசை, ஹைட்ரஜன் பிணைப்பு. எத்தனாலுக்கு அவை 15.8, 8.8, 19.4. அசிட்டோனுக்கு 15.5, 10.4, 7.0. முதல் எண்ணில் இரண்டும் ஒன்று, இரண்டாவதில் அசிட்டோன் சற்று மேலே, மூன்றாவதில் எத்தனால் ஏறக்குறைய மூன்று மடங்கு.

ஆகவே கரைபொருள் என்ன என்பதைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். சர்க்கரை போல உடம்பெல்லாம் ஓஎச் தொகுதி கொண்ட ஒன்றை அசிட்டோன் கண்டுகொள்வதில்லை. பல பிசின்களும் நெகிழிகளும் அசிட்டோனில் இளகிக் கரையும். எத்தனாலோ அவற்றைத் தொட்டுவிட்டு வந்துவிடும். தேர்வுத்தாளில் ஒரு வரிப் பதில் கேட்டால் எத்தனால் என்று எழுதுங்கள். பெரும்பாலும் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள்.

டிசிஎம், குளோரோஃபார்ம்?

திருப்புத்திறன், மின்காப்பு மாறிலி, சாயம் ஆகிய மூன்றிலும் டிசிஎம் மேலே. ஸ்னைடர் எண்ணில் மட்டும் குளோரோஃபார்ம் 4.1, டிசிஎம் 3.1. அந்த எண்ணை உருவாக்கப் பயன்பட்ட சோதனைப் பொருள்கள் எத்தனால், டையாக்சேன், நைட்ரோமீத்தேன் ஆகிய மூன்று. மூன்று குளோரின்கள் சேர்ந்து இழுப்பதால் குளோரோஃபார்மின் ஒற்றை ஹைட்ரஜன் எலக்ட்ரான் பஞ்சத்தில் இருக்கிறது. டையாக்சேனின் ஆக்சிஜனோடு அது பிணைப்புப் போட்டுக்கொள்ளும். எண் அங்கேதான் ஏறியது. அமீன், அமைடு போன்ற ஹைட்ரஜன் பிணைப்பை ஏற்கும் சேர்மங்களைக் கரைக்க, டிசிஎம்மைவிடக் குளோரோஃபார்ம் பல நேரம் நன்றாக உழைப்பதற்கும் இதுவே காரணம்.

டையாக்சேனின் மின்காப்பு மாறிலி 2.2தான். பிறகு எப்படித் தண்ணீரோடு எந்த விகிதத்திலும் கலக்கிறது?

வளையத்தின் இரு பக்கமும் ஒவ்வோர் ஆக்சிஜன். இரண்டின் இழுப்பும் எதிரெதிரே நின்று ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் மொத்த மூலக்கூறும் டொலுயீனைப் போல முனைவற்றதாகத் தெரிகிறது. ஆனால் தண்ணீர் மூலக்கூறு மொத்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. கைக்கு எட்டும் தூரத்தில் ஓர் ஆக்சிஜன் இருக்கிறதா என்பதே அதற்கு முக்கியம். இங்கே இரண்டு இருக்கின்றன.

டிஎச்எஃப், ஈதர் இரண்டுக்கும் நான்கு கார்பன், ஓர் ஆக்சிஜன். டிஎச்எஃப் தண்ணீரில் முழுதாகக் கலக்கும்; டைஎத்தில் ஈதர் 100 மில்லிலிட்டரில் சுமார் 7 கிராம் கரைந்துவிட்டு மேலே மிதக்கும். வளையத்துக்குள் கட்டிவைத்த கார்பன்கள் ஆக்சிஜனை மறைக்க முடியாது. ஈதரிலோ இரண்டு எத்தில் தொகுதிகளும் இங்குமங்கும் ஆடிக்கொண்டு ஆக்சிஜனுக்குக் குறுக்கே நிற்கின்றன. டிசிஎம்மின் மின்காப்பு மாறிலி டிஎச்எஃப்பைவிட அதிகம், ஆனால் தண்ணீரில் 100 மில்லிலிட்டருக்கு 2 கிராம்கூடக் கரையாது. தண்ணீரோடு கலக்குமா என்று தெரிய வேண்டுமானால் இந்தப் பட்டியல்களை மூடி வைத்துவிட்டு மூலக்கூறின் படத்தைப் பாருங்கள்.

பிரிபுனலில் முனைவு அதிகமுள்ளதுதானே கீழே நிற்கும்?

இல்லை. அடர்த்தி அதிகமுள்ளது கீழே நிற்கும். டிசிஎம் 1.33, குளோரோஃபார்ம் 1.49, இரண்டும் தண்ணீருக்குக் கீழே போகும். ஈதர், எத்தில் அசிட்டேட், டொலுயீன், ஹெக்சேன் எல்லாம் மேலே. சந்தேகமாக இருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு அது எந்த அடுக்கில் போய்ச் சேர்கிறது என்று பாருங்கள். எந்த அடுக்கு வேண்டாதது என்பது உறுதியாகும்வரை இரண்டையும் கொட்டாதீர்கள். இதைக் கொட்டிய பிறகுதான் நான் கற்றுக்கொண்டேன்.

கொதிநிலையை வைத்து முனைவைச் சொல்லலாமா?

டொலுயீன் 111 டிகிரியில் கொதிக்கிறது, அசிட்டோன் 56இல். சொல்ல முடியாது. ஒரே அளவுள்ள மூலக்கூறுகளை ஒப்பிட்டால் மட்டும் ஏதோ கொஞ்சம் துப்புக் கிடைக்கும்.

டிஎல்சி (சிலிக்கா பூசிய தகட்டில் கரைப்பானை ஏறவிட்டுச் சேர்மங்களைப் பிரிக்கும் முறை) தகட்டில் ஹெக்சேன்–எத்தில் அசிட்டேட் கலவையை எப்படிச் சரிசெய்வது?

பொட்டு கீழேயே ஒட்டிக்கொண்டிருந்தால் எத்தில் அசிட்டேட்டைக் கூட்டுங்கள், உச்சிக்கு ஓடினால் குறையுங்கள். ஆர்எஃப் மதிப்பு (பொட்டு ஏறிய தூரத்தைக் கரைப்பான் ஏறிய தூரத்தால் வகுத்தது) 0.2 முதல் 0.4க்குள் வந்தால் காலத்துக்கு நல்ல தொடக்கம். (காலம் என்று நான் சொல்வது சிலிக்கா நிரப்பிய கண்ணாடிக் குழாயை.) இவ்வளவும் எல்லோரும் சொல்வது. எவ்வளவு கூட்டுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

ஸ்னைடர் எண்ணைக் கன அளவு விகிதப்படி கூட்டலாம். 7:3 கலவைக்கு 0.7 × 0.1 + 0.3 × 4.4, அதாவது சுமார் 1.4. கணக்கு இப்படி நேர்க்கோட்டில் போனாலும் தகடு அப்படிப் போவதில்லை. சிலிக்காவின் மேற்பரப்பு முழுக்க ஓஎச் தொகுதிகள். சுத்தமான ஹெக்சேனில் அவையெல்லாம் உங்கள் சேர்மத்துக்காகக் காத்திருக்கும். நூற்றுக்கு 5 பங்கு எத்தில் அசிட்டேட் சேர்த்ததும் அந்த இடங்களில் பெரும்பகுதியை அது பிடித்துக்கொள்கிறது. பொட்டு சட்டென்று மேலேறுகிறது. 40ஐ 45 ஆக்கினால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். முதல் சில சதவீதத்தில் கை அடக்கமாக இருக்க வேண்டும். மெத்தனாலுக்கு இது இன்னும் கடுமையாகப் பொருந்தும்: டிசிஎம்மில் 2 பங்கு மெத்தனாலுக்கும் 5 பங்குக்கும் இடையில் சில சேர்மங்கள் பாதித் தகட்டைத் தாண்டிவிடும்.

இரண்டு பொட்டுகள் ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தால் முனைவைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருப்பது வீண். ஒரே வலிமையுள்ள வேறு வகைக் கலவைக்கு மாறுங்கள். எத்தில் அசிட்டேட் ஹைட்ரஜன் பிணைப்பை ஏற்கும், டிசிஎம் பெரும்பாலும் இருமுனையாகவே நடந்துகொள்ளும், ஆல்கஹால் கொடுக்கவும் ஏற்கவும் செய்யும். ஒன்றில் பிரியாதது மற்றொன்றில் பிரிவது அன்றாட அனுபவம்.

இன்னொன்று: மாதிரியை மெத்தனாலில் கரைத்துக் காலத்தின் தலையில் ஊற்றாதீர்கள். அந்த மெத்தனால் நீர்த்துப்போகும்வரை உங்கள் சேர்மம் அதோடு கைகோத்து இறங்கி, பிறகு வரும் பட்டைகளையெல்லாம் இழுசிவிடும்.

எச்பிஎல்சியில் (கரைப்பானை உயர் அழுத்தத்தில் காலத்தின் வழியே செலுத்திப் பிரிக்கும் முறை) தண்ணீர் "வலுக்குறைந்த" கரைப்பான் என்கிறார்களே?

சி18 காலத்தில் நிலைத்த பகுதி பதினெட்டு கார்பன் நீளமுள்ள எண்ணெய்ப்பசைச் சங்கிலி. அங்கே எல்லாமே தலைகீழ். முனைவு குறைந்த கரைப்பான்தான் சேர்மத்தைச் சங்கிலியிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். வலிமை வரிசை: தண்ணீர், மெத்தனால், அசிட்டோநைட்ரைல், டிஎச்எஃப். சிலிக்காவில் பழகிய கை, முதல் வாரம் இதில் நேர்மாறாகத் திருகும்.

வினைவேகத்தை முனைவு எவ்வளவு மாற்றும்?

நம்ப முடியாத அளவுக்கு. 1890லேயே ரஷ்ய வேதியியலாளர் மென்ஷுட்கின், டிரைஎத்திலமீனும் எத்தில் அயோடைடும் புரியும் வினையை 23 கரைப்பான்களில் செய்து, கரைப்பான் வெறும் பார்வையாளர் அல்ல என்று காட்டினார்.

எஸ்என்1 வகைக்கு (வெளியேறும் தொகுதி முதலில் பிரிந்துபோய், பிறகு வேறொன்று வந்து சேரும் வினை) டெர்ட்-பியூட்டைல் குளோரைடு நல்ல சான்று. அசிட்டிக் அமிலத்தில் அதன் வேகம் 1 என்று வைத்தால் மெத்தனாலில் 4, ஃபார்மிக் அமிலத்தில் சுமார் 5000, தண்ணீரில் ஒன்றரை லட்சம். அயனிகளாகப் பிரியும் வினை என்பதால், பிரிந்த இரண்டையும் தாங்கும் கரைப்பானில் பாய்ந்தோடுகிறது.

எஸ்என்2 வகையில் (ஒன்று வந்து தாக்கும்போதே மற்றது வெளியேறும் வினை) கதை மாறுகிறது. 1-புரோமோபியூட்டேனோடு அசைடு அயனி வினைபுரியும் வேகம் மெத்தனாலில் 1 என்றால் தண்ணீரில் 7, டிஎம்எஸ்ஓவில் 1300, டிஎம்எஃப்பில் 2800, அசிட்டோநைட்ரைலில் 5000. மின்காப்பு மாறிலி 78 கொண்ட தண்ணீர் 7இலேயே தங்கிவிட்டது. மெத்தனாலும் தண்ணீரும் அசைடு அயனியை ஹைட்ரஜன் பிணைப்புகளால் போர்த்தி மூடிவிடுகின்றன. அந்தப் போர்வையை உதறிவிட்டுத்தான் அது தாக்க வேண்டும். டிஎம்எஃப்பின் ஆக்சிஜன் சோடியத்தைப் பிடித்துக்கொள்ளும், அசைடை வெறுமனே விட்டுவிடும். ஹைட்ரஜன் பிணைப்பைக் கொடுப்பவை புரோட்டிக், கொடுக்காதவை ஏப்ரோட்டிக் என்று பிரித்துப் பேசுவது இதனால்தான். எச்சரிக்கை ஒன்று: அசைடோடு டிசிஎம்மைச் சேர்க்கவே கூடாது, வெடிக்கும் சேர்மம் உண்டாகலாம்.

சமநிலையும் மாறுமா?

மாறும். அசிட்டைல்அசிட்டோன் ஹெக்சேனில் நூற்றுக்கு 90க்கு மேல் ஈனால் வடிவில் (இரண்டு கீட்டோன் ஆக்சிஜன்களில் ஒன்று ஓஎச் ஆக மாறிய வடிவம்) இருக்கும். தண்ணீரில் அது சுமார் 15 ஆகிவிடும். ஈனால் வடிவம் தனக்குள்ளேயே ஹைட்ரஜன் பிணைப்பைப் போட்டுக்கொண்டு சுருண்டிருப்பது. வெளியே பிடித்துக்கொள்ளத் தண்ணீர் கிடைத்துவிட்டால் அந்தச் சுருளுக்குத் தேவை குறைந்துவிடுகிறது.

எத்தனாலும் முனைவுள்ளதுதானே, உப்பு ஏன் அதில் கரைவதில்லை?

100 கிராம் தண்ணீரில் 36 கிராம் சோடியம் குளோரைடு கரையும். மெத்தனாலில் 1.4 கிராம். எத்தனாலில் 0.065 கிராம். மின்காப்பு மாறிலி மூன்றில் ஒன்றாகக் குறைந்ததற்குக் கரைதிறன் ஐந்நூறில் ஒன்றாகிவிட்டது. படிகக்கூட்டை உடைக்கும் செலவு எங்கும் ஒன்றுதான். அதை ஈடுகட்டும் வரவு மட்டும் குறைகிறது.

அதே சமயம் சோடியம் அயோடைடு அசிட்டோனில் நன்றாகக் கரையும், குளோரைடும் புரோமைடும் கரையா. அயோடைடு பெரிய அயனி, அதன் படிகக்கூடு இளகியது. 1910இல் ஃபின்கெல்ஸ்டைன் இந்த வேறுபாட்டையே கருவியாக்கினார்: அல்கைல் குளோரைடை அசிட்டோனில் சோடியம் அயோடைடோடு சேர்த்தால், உண்டாகும் சோடியம் குளோரைடு வீழ்படிவாகி வெளியேற, வினை ஒரே திசையில் முன்னேறும்.

"ஒத்தது ஒத்ததைக் கரைக்கும்" என்ற விதி போதாதா?

தொடக்கத்துக்குப் போதும். கொஞ்சம் சோதித்துப் பார்க்க விரும்பினால் அயோடின் படிகம் ஒன்றை ஹெக்சேனிலும் மற்றொன்றை எத்தனாலிலும் போடுங்கள். முதலாவது அயோடின் ஆவியைப் போலவே ஊதா, இரண்டாவது பழுப்பு. அயோடின் முனைவற்ற மூலக்கூறு. ஆனாலும் எத்தனாலில் கரைகிறது, ஏனென்றால் ஆக்சிஜனின் தனி இரட்டை எலக்ட்ரான்களோடு அது ஒட்டிக்கொள்கிறது. அந்த ஒட்டுதலே நிறத்தையும் மாற்றுகிறது. அசிட்டோனில் மட்டும் செய்யாதீர்கள், கண்ணைக் கரிக்கும் அயோடோஅசிட்டோன் உண்டாகும்.

ஹைட்ரஜன்களுக்குப் பதில் முழுக்க ஃபுளூரின் ஏறிய பெர்ஃபுளூரோ திரவங்களும் விதிக்கு அடங்குவதில்லை. அவை ஹெக்சேனைவிட முனைவு குறைந்தவை. அதே வரிசையில் டொலுயீனும் முனைவு குறைந்ததுதான். ஆனால் பெர்ஃபுளூரோமெத்தில்சைக்ளோஹெக்சேனும் டொலுயீனும் அறை வெப்பநிலையில் இரண்டு அடுக்காகப் பிரிந்து நிற்கும்.

நைட்ரோசெல்லுலோஸ் இன்னொரு விதமாக மடக்குகிறது. அதன் ஒரு வகை, தனி ஈதரிலும் தனி எத்தனாலிலும் சரிவரக் கரையாது, இரண்டும் கலந்த கலவையில் கரைந்துவிடும். கொலோடியான் தயாரிப்பது அப்படித்தான். ஒன்று முனைவு போதாதது, மற்றொன்று ஹைட்ரஜன் பிணைப்பு மிகுந்தது. கலவை நடுவே வந்து விழுகிறது.

சூடாக்கினால் முனைவு மாறுமா?

குறையும். மூலக்கூறுகளின் குலுக்கல் கூடக்கூட ஒரே திசையில் நிற்பது கடினம். தண்ணீரின் மின்காப்பு மாறிலி 0 டிகிரியில் 88, 100 டிகிரியில் 56. அழுத்தத்தில் அடைத்து 250 டிகிரிக்குக் கொண்டுபோனால் சுமார் 27. மெத்தனாலுக்கும் அசிட்டோனுக்கும் நடுவே. அந்தத் தண்ணீர் எண்ணெய்ப்பசைப் பொருள்களையும் கரைக்கத் தொடங்கிவிடும். 374 டிகிரி, 221 பார் என்ற மாறுநிலைப் புள்ளிக்கு அருகில் எண் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடுகிறது.

ஒரு கரைப்பானுக்குப் பதில் இன்னொன்றை வைக்க, முனைவு ஒத்துப்போனால் போதுமா?

போதாது, ஆனால் தேடலை அங்கிருந்து தொடங்கலாம். ஹெக்சேன் உடலில் 2,5-ஹெக்சேன்டையோனாக மாறி நரம்புகளைக் கெடுக்கும். ஹெப்டேனுக்கு முனைவு அதேதான், இந்தத் தொல்லை இல்லை. பென்சீனுக்குப் பதில் டொலுயீனை வைப்பது பழைய வழக்கம். பென்சீன் புற்றுநோய் தருவது, டொலுயீன் அப்படி அறியப்பட்டதல்ல. காலத்தில் டிசிஎம்–மெத்தனாலைத் தவிர்க்க, மூன்று பங்கு எத்தில் அசிட்டேட்டோடு ஒரு பங்கு எத்தனாலைக் கலந்து, அதை ஹெப்டேனில் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். பல சேர்மங்களுக்கு எடுபடும்.

முனைவு ஒத்துப்போய், வேதியியல் ஒத்துப்போகாத இடங்களில்தான் ஆபத்து. டிஎம்எஃப்பை டிஎம்எஸ்ஓவுக்கு மாற்றாகப் பலர் பார்க்கிறார்கள். சோடியம் ஹைட்ரைடோடு சூடேறினால் இரண்டுமே கட்டுமீறி வெடித்த நிகழ்வுகள் உண்டு. குளோரோஃபார்மும் அசிட்டோனும் காரத்தின் முன்னிலையில் சேர்ந்தால் கடுமையாக வெப்பம் உமிழும். கழிவுப் புட்டியில் தெரியாமல் நடக்கக்கூடியது இது. ஈதரும் டிஎச்எஃப்பும் நாள்பட்டால் பெராக்சைடு சேர்க்கும். பழைய புட்டியை வடிப்பதற்கு முன் சோதித்துவிடுங்கள்.

என்எம்ஆரில் (காந்தப்புலத்தில் அணுக்கருக்களின் குறிப்பலையைப் பதிவுசெய்யும் முறை) தண்ணீரின் முகடு ஒவ்வொரு கரைப்பானிலும் ஏன் இடம் மாறுகிறது?

அதையும் ஒரு முனைவு அளவுகோல் என்றே சொல்லலாம், இலவசமாகக் கிடைப்பது. டியூட்டரேற்றிய குளோரோஃபார்மில் தண்ணீர் 1.56 பிபிஎம்மில் தெரியும், அசிட்டோநைட்ரைலில் 2.13, அசிட்டோனில் 2.84, டிஎம்எஸ்ஓவில் 3.33. கரைப்பான் எவ்வளவு நன்றாக ஹைட்ரஜன் பிணைப்பை ஏற்கிறதோ அவ்வளவு இடப்பக்கம் நகர்கிறது. அசிட்டோநைட்ரைலின் மின்காப்பு மாறிலி அசிட்டோனைவிட அதிகம், முகடோ அசிட்டோனுக்கு முன்பே நின்றுவிடுகிறது. தண்ணீர் கேட்பது மின்காப்பு மாறிலியை அல்ல, ஏற்கும் கையை. பென்சீனில் அது 0.40க்கே போய்விடும். அங்கே ஏற்பதற்கு ஆக்சிஜன் இல்லை, அத்துடன் வளைய எலக்ட்ரான்களின் சுற்றோட்டம் வேறு அதை வலப்பக்கம் தள்ளுகிறது.